தறியை விற்று யந்திரக் கால் வாங்கலாமா?

கால் விளங்காதவரையும் எழுந்து நிற்க வைக்கும் யந்திரச் சட்டம் ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். இடுப்பிலிருந்து பாதம் வரை வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். மூட்டுகளில் மோட்டார், கூடவே பேட்டரி. உடம்பை லேசாக முன்னால் சாய்த்தால் கால் ஓரெட்டு வைக்கும். இஸ்ரேல்காரர் அமித் கோஃபர் செய்த 'ரீவாக்' இந்த ரகம்தான். விபத்தில் அடிபட்ட அவருக்குக் கைகளிலும் பலமில்லை. அதனால் தாம் செய்ததைத் தாமே போட்டுக்கொள்ள முடியாமல் போனது, பாவம்.

அமெரிக்காவில் 2014-ல் இதை வீட்டில் உபயோகிக்க அனுமதித்தார்கள். 2024-ல் அரசு இன்ஷூரன்ஸில் சேர்த்தபோது வைத்த விலை சுமார் 91 ஆயிரம் டாலர். நம் பணத்தில் அப்போது சுமார் 75 லட்சம்! ஃபோர்டு கம்பெனி 2018-லேயே கையைத் தூக்கியபடி வேலை செய்கிறவர்களுக்குத் தோளைத் தாங்கும் சட்டை கொடுத்தது. குழித்தறி மிதிக்கும் எங்கள் தெள்ளார் ஆட்களின் இடுப்புக்கும் யாராவது ஒன்று செய்தால் தேவலை.

எங்கள் தெருவில் முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்திருக்கும் நெசவாளியின் மனைவி, "தறியை வித்தாவது வாங்கிடலாமாக்கா?" என்று கேட்டாள்.

"விக்காதேம்மா. முதல்ல வேலூருக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

அங்கே பாகாயத்தில் 1966-லிருந்து சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் நடக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர். கேரளத்தில் ஜென்ரோபாட்டிக்ஸ் செய்த 'ஜி-கெய்ட்டர்' ஆஸ்பத்திரியிலேயே நடை பழக்குகிறது. சொந்தமாக வாங்க வேண்டியதில்லை.

வீட்டில் இப்படி யாரேனும் படுத்திருந்தால், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். டாக்டரைக் கேட்டுக் கைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். ரீவாக் போட்டாலும் ஊன்றுகோல் பிடிக்கக் கை வேண்டுமே!