உப்பும் கெமிக்கல் பேயும்

இராமேசுவரத்திற்கு யாத்திரை வருகின்ற ஒருவர், அக்னி தீர்த்தம் என்று சொல்லப்படுகிற கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போடுகிறார். வாயில் புகுந்த தண்ணீரைப் புண்ணியம் என்று விழுங்குகிறார். வீட்டிலுள்ளவர்களுக்கென்று ஒரு போத்தலிலும் பிடித்துக் கொள்ளுகிறார். அதே மனிதர் ஊருக்குத் திரும்பியதும் மளிகைக் கடையில் நின்று, “அந்த அயோடின் உப்பு வேண்டாம் ஐயா, அதில் கெமிக்கல் கலந்திருக்கிறது, வேறு உப்புக் கொடும்” என்கிறார்.

இந்த இரண்டு காரியங்களுக்கும் வேர் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். கடலில் என்ன இருக்கிறதென்று அவர் கேட்கவில்லை. ஆகையால் அது தீர்த்தமாயிற்று. உப்பில் என்ன இருக்கிறதென்றும் அவர் கேட்கவில்லை. ஆகையால் அது விஷமாயிற்று. கேளாமல் கும்பிடுவதும் கேளாமல் பயப்படுவதும் ஒரே புத்தியின் இரண்டு பிள்ளைகள். பேய் பிசாசுக்குப் பயப்படுவது அநாகரிகம் என்று தெரிந்துகொண்ட படித்த கூட்டத்தார்கூட, இப்போது ‘கெமிக்கல்’ என்கிற புதுப் பேய்க்கு வேப்பிலை தேடிக் கொண்டிருக்கிறார்கள். ஆதலால் இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது, கெமிக்கல் இல்லாத வீடு ஒன்று உண்டா என்று கேட்கின்றோம். தண்ணீர் கெமிக்கல். புளியின் புளிப்பு கெமிக்கல். கலியாண வீட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, அது இரத்தம்போல் சிவந்ததும் திருஷ்டி கழிந்தது என்கிறார்களே, அந்தச் சிவப்பு என்ன? மஞ்சளிலுள்ள சாயம் சுண்ணாம்பின் காரம் பட்டவுடன் நிறம் மாறுகிறது. ஓர் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் அந்தச் சிவப்பு மறுபடியும் மஞ்சளாகி விடும். திருஷ்டி கழிந்ததும் இல்லை, திரும்பி வந்ததும் இல்லை. பாம்பன் கரையில் நமது தாய்மார்கள் மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடு போடுகிறார்களே, அதுவும் இரசாயனந்தான். உப்பு மீனிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்து விடுகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் அழுக வைக்கும் கிருமி பிழைக்க மாட்டாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத கிழவிக்குத் தெரிந்த இரசாயனத்தைப் பார்த்துப் பட்டம் பெற்றவர் பயப்படுவதென்றால் இதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்?

உப்பையே எடுத்துக் கொள்ளுவோம். உப்பு என்பது சோடியமும் குளோரினும் கூடியது. சோடியத்தைத் தனியே தண்ணீரில் போட்டால் சீறிக் கொண்டு தீப்பிடிக்கும். குளோரினோ, 1915ஆம் ஆண்டு ஐரோப்பிய யுத்தத்தில் சிப்பாய்களைக் கொல்லுவதற்காக அவிழ்த்து விடப்பட்ட விஷவாயு. இந்த இரண்டும் கூடியதைத்தான் நாம் தினந்தோறும் குழம்பில் போட்டுக் கொள்ளுகிறோம். ஒரு பொருள் தனியே இருக்கும்போது உள்ள குணம் வேறு, மற்றொன்றோடு கூடியபின் உள்ள குணம் வேறு. இந்த ஒரு பாடத்தை மட்டும் நமது மக்கள் மனத்தில் வாங்கிக் கொண்டால் பாதிப் பயம் ஓடிப் போகும்.

இனி, உப்பு எப்படி வருகிறதென்று பார்ப்போம். நமது இராமநாதபுரம் ஜில்லாவில் வாலிநோக்கம் பக்கம் போகிறவர்கள் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளத்தைக் காணலாம். தமிழ்நாடு அரசாங்கத்தின் உப்பு நிறுவனம் 1974இல் ஏற்பட்டு, மாரியூர் – வாலிநோக்கத்தில் உப்பு விளைவித்து வருகின்றது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் பலவகை உப்புக்கள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாம் சாப்பிடுகிற உப்பு சுமார் 27 கிராம். தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைக்கும்போது, முதலில் சுண்ணாம்புச் சத்தும், பிறகு ஜிப்சமும் அடியில் படிகின்றன. அதன் பின்புதான் சாப்பாட்டு உப்பு பூக்கிறது. கடைசியில் மக்னீசிய உப்புக்கள் நிறைந்த கசப்பு நீர் மிஞ்சும். அதைக் காலத்தில் வடித்து விடாவிட்டால் உப்பு கசந்து போகும். எந்தத் தண்ணீரை எப்பொழுது திறக்க வேண்டும், எப்பொழுது அடைக்க வேண்டும் என்பது உப்பளத் தொழிலாளியின் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்த சாஸ்திரம். இதில் வருண பகவானுக்கு ஒரு வேலையும் இல்லை. மழையாக வந்து கெடுப்பதைத் தவிர.

“கடலிலிருந்து வருகிற உப்புத்தானே, அதில் அயோடின் தானாகவே இருக்காதா? கடற்கரைக்காரனுக்கு அயோடின் உப்பு எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் உள்ள அயோடின் ஒரு மில்லிகிராமில் நூற்றுக்கு 6 பங்குதான். அது முழுவதும் ஒட்டிக்கொண்டு வந்தால்கூட, உப்பில் பத்து லட்சத்துக்குச் சுமார் 2 பங்குதான் தேறும். அதிலும் பெரும் பாகம் கசப்பு நீரோடு போய்விடுகிறது. மனிதனுக்குப் போதுமானதாக இருக்க வேண்டுமானால் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது உப்பில் வேண்டும்.

அப்படியானால் கடலில் உள்ள அயோடினை யார் சேர்த்து வைக்கிறார்கள் என்றால், கடற்பாசிகளே. 1811இல் பிரான்ஸ் தேசத்தில் பெர்னார் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் அயோடினை முதன்முதல் கண்டார். மண்டபம், பாம்பன் கரைகளில் நமது பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று எடுத்து வருகிறார்களே, அந்த இனங்களும் அயோடினைச் சேர்த்து வைக்கிறவைதான். ஆனால் பாசியை நாம் உணவாகத் தினமும் தின்பதில்லை. மீன் தின்பவனுக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் நல்ல மீன் லாரி ஏறிப் போய்விட, பிடித்தவன் வீட்டில் மீன் இல்லாத நாட்களும் உண்டு.

அயோடின் குறைந்தால் வருவது கழுத்துக் கழலை மாத்திரமல்ல. கழலை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடுதான் பெரிது. கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிட்டால், வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் பின்தங்கினால், நமது நாட்டில் என்ன சொல்லுவார்கள்? “தலையெழுத்து” என்பார்கள். “அந்த ஜாதிக்கு அவ்வளவுதான் புத்தி” என்று சொல்லுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். ஒரு சிட்டிகையிலும் சிறிதான ஒரு பொருள் தாயின் சாப்பாட்டில் இல்லாமற் போனதை, பிரம்மா எழுதிய எழுத்தென்று பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. இமயமலை அடிவாரத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் கழலை நோய் மிகுந்திருந்தது. 1956இல் டாக்டர் வி. இராமலிங்கசாமியும் அவர் கூட்டத்தாரும் அந்தப் பிரதேசத்தை மூன்று பாகமாகப் பிரித்தார்கள். இரண்டு பாகத்தாருக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பாகத்தாருக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷங்களில் அயோடின் உப்புத் தின்ற பாகங்களில் பள்ளிப் பிள்ளைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. மற்றப் பாகத்தில் குறையவில்லை. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பைக் கொடுத்தவுடன் அங்கும் குறைந்தது. மந்திரித்தவர் எவரும் இல்லை. நேர்ந்து கொண்டவரும் இல்லை. இந்த அனுபவத்தின் பேரில்தான் 1962இல் இந்திய சர்க்கார் கழலைத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. இது மலைநாட்டு நோய் மாத்திரம் என்று நினைத்திருந்த காலம் போய், சமவெளியிலும் கடற்கரை ஜில்லாக்களிலும் இது உண்டென்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

நாம் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. 2018-19இல் இந்தியா முழுவதும் வீட்டு உப்பைச் சோதித்தபோது, போதுமான அயோடின் உள்ள உப்பு நூற்றுக்கு 76 வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் 62 வீடுகளில்தான் இருந்தது. மாகாணங்களில் கடைசி இடம் நமக்கு! உப்பே விளையாத தேசத்தார் நல்ல உப்புத் தின்ன, உப்பை விளைவித்து அனுப்புகிற நாம் பின்தங்கி நிற்கிறோம். அளத்திலிருந்து நேராக வருகிற மலிவு உப்பு பக்கத்திலேயே கிடைப்பது ஒரு காரணம். “கெமிக்கல்” என்ற பயம் அதற்குத் துணை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் சொல்லுகிறோம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக் கூடாதென்று 1998இல் விதி வந்து, 2000த்தில் எடுக்கப்பட்டு, 2006இல் மறுபடி வந்தது. யந்திரம் வைத்து அயோடின் சேர்க்கச் சக்தியில்லாத சிறு உப்பளக்காரர்கள் கஷ்டப்பட்டது வாஸ்தவம். 2011இல் உச்சநீதிமன்றம், கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அப்படி ஒரு விதி செய்ய இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னதும் வாஸ்தவம். பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தத் தடை தொடர்ந்து இருந்து வருகின்றது. இதற்குப் பரிகாரம், சிறு உற்பத்தியாளருக்கு யந்திரமும் கடனும் கொடுக்கச் சர்க்காரைக் கேட்பதே தவிர, அயோடின் விஷம் என்று வதந்தி கிளப்புவதல்ல.

மற்றொரு வதந்தி, “உப்பில் சயனைடு இருக்கிறது” என்பது. தூள் உப்பு கட்டி தட்டாமல் இருக்கப் பெரோசயனைடு என்ற பொருளைச் சேர்ப்பதுண்டு. அதில் சயனைடானது இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, சுலபத்தில் பிரியாது. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாதென்று சட்டமும் இருக்கிறது. சோடியத்தையும் குளோரினையும் பற்றி மேலே சொன்ன பாடத்தை இங்கே நினைத்துக் கொள்ள வேண்டும். சயனைடைக் கண்டு நடுங்குகிறவர்கள் பச்சை மரவள்ளிக் கிழங்கைப் பற்றி என்ன சொல்லுவார்கள்? அதில் சயனைடு விடுகிற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதனால்தான் வேகவைத்துத் தண்ணீரை வடிக்கிறோம். இயற்கை என்பதாலேயே ஒன்று அமிர்தமாகி விடாது. செயற்கை என்பதாலேயே விஷமாகி விடாது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இனி இந்துப்பு மகாத்மியத்தைப் பார்ப்போம். பஞ்சாப் தேசத்து மலைச் சுரங்கத்திலிருந்து வெட்டி வருகிற இந்த உப்பைப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கினால் சகல ரோகமும் தீரும் என்கிறார்கள். அதன் சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. மற்றபடி அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. சேர்க்காவிட்டால் அயோடினும் அதில் போதாது. பணக்காரர் வாங்கி ஏமாறுவதைப் பற்றி நமக்கு அதிகக் கவலையில்லை. அவரைப் பார்த்து ஏழையும் ஏமாறுவதைப் பற்றித்தான் கவலை.

இவ்வளவு பேசுகிறவர்கள் ஒருவரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. உப்பளத்தில் நிற்கிறவர்களின் கால்களைப் பற்றித்தான் சொல்லுகிறோம். கரிக்கும் தண்ணீரில் நாள் முழுவதும் நின்று தோல் வெடித்துப் புண்ணாகிறது; வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண் கெடுகிறது; மழைக்காலத்தில் வேலையில்லாமல் அடுப்பு அணைகிறது. அயோடினால் ஆபத்து என்று கூவுகிறவர், இந்தப் பாதங்களுக்கு ஒரு ஜோடி பூட்ஸும், கண்ணுக்கு ஒரு கண்ணாடியும், மழைமாதத்துக்கு ஒரு கூலியும் வேண்டுமென்று எப்போதாவது கேட்டதுண்டா? “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்கிறோம். உப்பை விளைவித்தவரை ஒரு நாளாவது நினைக்க வேண்டாமா?

ஆகவே, தோழர்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. கடையில் உப்பு வாங்கும்போது பையின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். கல் உப்புத்தான் வேண்டுமென்றால் அதிலும் அயோடின் சேர்த்தது உண்டு, அதைக் கேளுங்கள். உப்பை ஈரமும் அனலும் படாமல் மூடி வையுங்கள். அயோடின் நல்லது என்பதற்காக உப்பை அள்ளிக் கொட்டாதீர்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டுமென்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. மிஞ்சினால் இரத்தக் கொதிப்பு வரும். தைராய்டு வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு நடக்கட்டும். பூசாரியையும் வதந்தியையும் கேட்க வேண்டாம்.

நமது சங்கங்கள் கூட்டம் போடும்போது, கிராமத்து வீடுகளிலிருந்து ஒவ்வொரு சிட்டிகை உப்பைக் கொண்டுவரச் செய்து, அயோடினைச் சோதிக்கும் சொட்டு மருந்தை அதன்மேல் விட்டுக் காட்டலாம். அயோடின் இருந்தால் நீலம் பூக்கும்; இல்லாவிட்டால் வெள்ளையாகவே கிடக்கும். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. கண்ணால் பார்த்து, கணக்கால் சரிபார்த்து, பிறகு நம்பட்டும்.

நம் வீட்டுப் பிள்ளையின் மூளை ஒரு வதந்திக்காகக் குன்றிப் போகலாமா என்பதை ஒவ்வொரு தாயும் தகப்பனும் யோசித்து நடக்கும்படி வேண்டிக் கொள்ளுகிறோம்.