கோதுமையை விட்டா இளைச்சுடுமாம்!

"கோதுமையை நிறுத்து, தானா இளைப்பே"னு பதிவு போடற புண்ணியவான்களே, ஒரு நிமிஷம். டெல்லியில இருக்கற எங்க அக்கா பொண்ணுக்கு 15 வயசு, சீலியாக் நோய். கோதுமை, பார்லி ரெண்டும் ஆகாது. நிறுத்தினதும் எடை ஏறித்தான் போச்சு. ஏறாதா பின்னே? புண்ணாகிக் கிடந்த குடல் ஆறி, சாப்பிட்டது இப்பதான் உடம்புல ஒட்டுது.

அவகிட்ட போய் "ராத்திரி பட்டினி கிட"ங்கறாங்க சொந்தக்காரங்க! வளர்ற வயசுங்க, இரும்பும் கால்சியமும் சேராம இருந்த உடம்பு. குறைக்கணும்னா அந்த 'க்ளூட்டன் ஃப்ரீ' பிஸ்கட்டைக் குறைங்க, எல்லாம் மாவும் சர்க்கரையும்தான். பருப்பு, முட்டை, காய்கறி கொடுங்க, ஓடியாட விடுங்க. எடை குறைக்கணுமாங்கறதையே டாக்டர் சொல்லட்டும்.

பட்டினி போடறவங்க முதல்ல பெருங்காய டப்பாவைப் படிங்க. பலதுல கோதுமை மாவு இருக்கு. (அக்காவுக்கே ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.)