தீப்பெட்டி ஆபீசில் யாருக்கு ரிட்டயர்மென்ட்?

கரிசல் காட்டில் விவசாயியை விவசாயி என்று சொல்ல மாட்டார்கள். சம்சாரி என்பார்கள். கடம்பூர், கயத்தாறு, எட்டயபுரம், இடைசெவல் என எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான். பெண்டு பிள்ளை, ஆடு மாடு, காடு கரை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். வேலையை ஒரு தட்டிலும் வாழ்க்கையை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கிற இந்தக் காலத்துப் பேச்சுக்கு அதில் இடமே கிடையாது.

மானாவாரி வெள்ளாமையின் கணக்கு அப்படி. புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் மழை பார்த்துக் களையெடுப்பு, தை மாசியில் அறுப்பு. கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய், இப்போது மக்காச்சோளம். அறுப்பு முடிந்தால் அடுத்த மழை வரை காடு சும்மா கிடக்கும். சம்சாரிக்கு அது லீவு இல்லை, கையில் காசில்லாத காலம்.

அந்த வெற்று மாதங்களுக்குள்தான் தீப்பெட்டி நுழைந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் தொடங்கி வைத்த தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, கடம்பூர் பக்கமெல்லாம் பரவியது. வெள்ளாமைக்குப் பகையான காய்ந்த வெயில் தீக்குச்சிக்குத் தோதாக இருந்தது. மழைக்குக் காத்திருந்த கைகளுக்கு வருஷம் முழுக்க வேலை வந்தது.

இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் ஃபாக்டரி என்பதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். அதிகாலையில் தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, தூக்குவாளியோடு ‘ஆபீசுக்கு’ப் போகிற பெண்கள் இங்கே மூன்று தலைமுறையாக உண்டு. பெயர்தான் ஆபீஸ். மாதச் சம்பளம் கிடையாது, குச்சி அடுக்குகிற கட்டைக்கும் அடைக்கிற பெட்டிக்கும் எண்ணித்தான் கூலி. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்கிற வேலையும் உண்டு. 2020 ஊரடங்கில் ‘வீட்டிலிருந்தே வேலை’ வந்ததும், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துவிட்டது என்று நகரம் அங்கலாய்த்தது. கரிசல் வீட்டுத் திண்ணையில் அந்தக் கோட்டை யாரும் போட்டதே இல்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்ற விவாதம் நாட்டில் அடிக்கடி சூடாகிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். சமூக ஊடகங்கள் கொதித்தன, மீம்கள் பறந்தன. அதற்கும் முன்னால், 2023 ஏப்ரலில், தினம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தத்தைத் தமிழகச் சட்டசபை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

இந்தக் கரிசல் ஊர்கள் இருக்கிற தூத்துக்குடி மாவட்டத்துக்கு இந்த வாதம் புதிதல்ல. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கேட்டது கூலி உயர்வு மட்டுமா? வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும் என்றும் கேட்டார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது, ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அதை வாங்கித் தர முன்னின்ற வ.உ.சி., சிறை மீண்டு, பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்த பிறகு கோவில்பட்டியில் வழக்காடிப் பிழைத்தார். கடைசிவரை கடன் அவரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. 58 என்கிற ஓய்வு வயது எல்லாருக்கும் வந்ததா?

அரசு ஊழியருக்கு வந்தது. தமிழக அரசு அதை 2020இல் 59 என்றும் 2021இல் 60 என்றும் நீட்டியது. கோவில்பட்டி மில் தொழிலாளிக்கும் பி.எஃப்., கிராஜுவிட்டி, கடைசி நாளில் மாலை மரியாதை என்று ஒரு வழி இருந்தது. தீப்பெட்டி ஆபீசுப் பெண்ணின் கணக்கு வேறு. இன்று ஐம்பதைத் தாண்டியவர்களில் பலர் பாவாடை சட்டைப் பருவத்திலேயே குச்சி அடுக்க உட்கார்ந்தவர்கள். தீப்பெட்டி ஆலையில் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படி வைத்த முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் போகாமல் போன அந்த வருஷங்களெல்லாம் உழைத்த வருஷங்கள்தான். பென்ஷன் கணக்கில் மட்டும் அவை இல்லை.

பி.எஃப். சட்டம் 20 பேருக்குக் குறையாத நிறுவனத்துக்குத்தான் கட்டாயம். பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். கணக்கு ஒன்றும் மர்மமில்லை: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். பதிவில் மாதச் சம்பளம் 7,000 என்றும் சர்வீஸ் 12 வருஷம் என்றும் இருந்தால் மாதம் 1,200 ரூபாய். நாற்பது வருஷம் உட்கார்ந்து முதுகு வளைந்தவருக்கும் பதிவேட்டில் பேர் ஏறிய 12 வருஷம்தான் செல்லும். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று வைத்தது 2014இல். பத்தாண்டு கழிந்தும் அது நகரவில்லை. தமிழக முதியோர் உதவித்தொகை 1962இல் 20 ரூபாயில் தொடங்கி, 2023இல் 1,200 ஆனது. 2019இல் வந்த மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் 60 வயதில் மாதம் 3,000 தரும் என்கிறது. ஆனால், சேர வயது 18 முதல் 40 வரைதான். இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்தபோதே வயது கடந்திருந்தது.

முதலாளிகள் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 14 வருஷம் ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்கும் பெட்டிக்குள் 36 குச்சிக்குப் பதில் 50 குச்சி வைக்க வேண்டியிருந்தது. இருபது ரூபாய்க்கும் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் மத்திய அரசு தடை போடும் வரை சீன லைட்டர் வேறு கழுத்தை நெரித்தது. சிறு ஆபீஸ் நடத்துகிறவர் தலையில் மட்டும் எல்லாச் சுமையையும் ஏற்றிவிட முடியாது.

ஓய்வு என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது என்று நினைக்கிறவர்கள், இதே கரிசல் மண்ணில் ஓய்வுக்குப் பிறகு விளைந்ததைப் பார்க்க வேண்டும். இடைசெவல் சம்சாரி கி. ராஜநாராயணன் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அரசு ஊழியர்கள் வீட்டுக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருக்கும் வயதில், 1989இல், புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார், சாகித்ய அகாதெமி விருது 1991இல் வந்தது, 2021இல் மறையும் வரை எழுதினார். கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் 2012இல் ஆயிரம் பக்கத்துக்கும் மேல் விரிந்து வந்தது. கோவில்பட்டி மில்லில் உழைத்த சோ. தர்மன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். அவருடைய ‘சூல்’ நாவல் 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. மூவருக்கும் பிடித்த வேலை ஒன்று இருந்தது, பூமணிக்கும் தர்மனுக்கும் அதற்கான பொழுதைப் பென்ஷனும் செட்டில்மென்ட் பணமும் கொடுத்தன. ஆபீசுப் பெண்களில் எத்தனை பேருக்குள் சொல்லப்படாத கதை இருக்கிறது, யாருக்குத் தெரியும்? கண் மங்கிக் குச்சி பிடிபடாமல் போகிற நாள்தான் அவர்களுக்குக் கடைசி நாள்.

குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்துவது டெல்லியின் வேலை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதுவரை மாவட்ட நிர்வாகமும் பி.எஃப். அலுவலகமும் தொழிலாளர் துறையும் சேர்ந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோவில்பட்டி, கடம்பூர், கழுகுமலை என ஊர் ஊராக முகாம் போட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் எந்த வருஷம் முதல் பணம் பிடிக்கிறார்கள், பத்து வருஷம் நிறைய இன்னும் எத்தனை மாதம், ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். ஆபீஸ் மாறியபோது விட்டுப்போன பழைய கணக்கையும் சேர்த்துத் தரலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். கூலி கெடாமல் இருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் போதும், மாசி அறுப்பு முடிந்து காடு சும்மா கிடக்கிற நேரமாக இருந்தால் சம்சாரிகளும் சேர்ந்தே வந்துவிடுவார்கள்.