பட்டாசுக்கு ஒரு பாதை வேண்டும்!

தீபாவளி வந்தால் ஊரெங்கும் கொண்டாட்டம். சிவகாசிச் சாலைகளுக்கோ திண்டாட்டம்!

பட்டாசு ஏற்றிய லாரி ஒரு பக்கம். பட்டாசு வாங்க வந்த வெளியூர்க் கார் ஒரு பக்கம். ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன், பள்ளிப் பிள்ளைகள் ஏறிய ஆட்டோ – எல்லாம் ஒரே சாலையில் முட்டி மோதுகின்றன.

ஊர் வளர்ந்தது

சிவகாசி 1920-ல் நகராட்சி ஆனது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 1923-ல் இங்கே தொழில் தொடங்கியது. பிறகு பட்டாசு வந்தது, அச்சகங்கள் வந்தன. 2021-ல் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சி ஆனது.

தொழில் பெருகியது; வண்டிகள் பெருகின. கடைவீதி மட்டும் அகலவில்லை.

நேரமல்ல, உயிர்!

வேறு ஊரில் சாலை அடைத்துக்கொண்டால் நேரம் வீணாகும். இங்கே உயிரே போகும்.

2016 அக்டோபர் 20. தீபாவளிக்கு இன்னும் சில நாட்கள். சிவகாசியில் ஒரு கடையிலிருந்து வண்டியில் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்தில் ஸ்கேன் எடுக்கும் நிலையம். புகை அங்கே புகுந்தது. அந்த விபத்தில் 8 பேர் மாண்டார்கள். ஸ்கேன் நிலையத்தில் இருந்தவர்கள் செய்த குற்றம் என்ன?

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காயம் பட்டவர்கள் சிவகாசிக்கும் மதுரைக்கும் கொண்டு செல்லப்பட்டார்கள். மதுரை சுமார் 70 கிலோ மீட்டர். தீக்காயம் பட்டவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகம்!

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை செய்யும் குடும்பங்கள் பல. அங்கே விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். வழியில் சரக்கு லாரி நின்றால் என்ன ஆகும்?

என்ன செய்யலாம்?

"லாரி வராவிட்டால் வியாபாரம் எப்படி நடக்கும்?" என்று வியாபாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். லாரியை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு வேறு வழி காட்டச் சொல்கிறோம்.

சுற்றுச் சாலை வேண்டும் என்பது மக்களின் நெடுநாள் கோரிக்கை. அது முழுமையாக நிறைவேற வேண்டும். பட்டாசு ஏற்ற, வீடுகள் இல்லாத இடத்தில் பொதுத் திடல் வேண்டும். கடைவீதியில் பட்டாசு ஏற்றுவதைத் தடுக்க வேண்டும். வெடிபொருளை ஏற்றி இறக்குவதற்கு 2008-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அவை ஏட்டில் இருந்தால் போதாது. ரோட்டிலும் இருக்க வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

நாடு ஒருநாள் மகிழ, ஆண்டு முழுவதும் உழைக்கும் ஊர் இது. வேலைக்குப் போனவர் பத்திரமாக வீடு திரும்ப ஒரு நல்ல சாலை கேட்கிறது. அதைத் தருவது அரசின் கடமை. இன்னொரு விபத்து வரை காத்திருக்கக் கூடாது!