மாடியில் இருப்பவரும் தாராவிக்காரரே

மும்பையின் தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. குறுகிய இரும்பு ஏணியில் ஏறிப்போகும் மாடி அறைகளில் வாடகைக்கு இருப்போர் அன்றிலிருந்து கேட்பது ஒன்றுதான்: எங்களுக்கு எங்கே வீடு?

2000 ஜனவரி 1 வரை இருந்த தரைத்தளக் குடியிருப்புகளுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு 300 சதுர அடி, அதுவும் தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவர்கள் 2022 நவம்பர் 15-க்கு முன்பே அங்கு வசித்ததாகக் காட்டினால், வாடகையையே தவணையாகக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஒரு வீடு வெளியே எங்கோ கிடைக்கும். விடியலில் இட்லி அவித்து மாட்டுங்காவிலும் சயானிலும் விற்று வருபவரை முலுண்டுக்கோ தேவனாருக்கோ அனுப்பிவிட்டால், வீடு மிஞ்சும், பிழைப்பு மிஞ்சாது.

அந்தத் தேதியைக் காட்டத்தான் காகிதம் வேண்டும். பதிவான வாடகை ஒப்பந்தம் மாடிவாசிகளில் எத்தனை பேரிடம் இருக்கும்? டிபாசிட்டைக் கையில் கொடுத்து, வாய்ச்சொல்லை நம்பிக் குடியேறியவர்கள் அவர்கள். ஒப்பந்தம் இல்லாதது அவர்கள் குற்றமா?

இல்லை என்கிறது மாநிலத்தின் சொந்தச் சட்டமே. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் உட்பட எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் பதிவாக வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு இல்லாத இடத்தில், மாறாக நிரூபிக்கப்படாத வரை, நிபந்தனைகள் குறித்து வாடகைதாரர் சொல்வதே செல்லும். இந்தப் பாதுகாப்பை எழுதிவைத்த அரசே தாராவியில் சுமையைத் தூக்கி வாடகைதாரர் தலையில் வைப்பது அநியாயம்.

உரிமையாளரையும் இச்சட்டம் கைவிடவில்லை. மும்பையின் செம்பூரில் பதிவான ஒப்பந்தத்தோடு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு அது கைகொடுக்கிறது. கெடு முடிந்தும் காலி செய்யாதவரை 24-ஆம் பிரிவின்படி தகுதிவாய்ந்த அதிகாரியிடம் போய் வெளியேற்றலாம். இரட்டிப்புக் கட்டணமும் வாங்கலாம். அது சரியான ஏற்பாடுதான். காகிதம் உரிமையாளருக்குப் பலம் என்றால், அது இல்லாத இடத்தில் வாடகைதாரரைக் காப்பதும் அதே சட்டத்தின் கடமை.

தரைத்தளக்காரரைப் பகையாளியாக்கவும் வேண்டாம். மாடி வாடகையில் பிள்ளைகளின் கல்விக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் அங்கே நிறைய. வாடகைதாரருக்கு எழுதிக் கொடுத்தால் தங்கள் பங்குக்கு வில்லங்கம் வருமோ என்ற அச்சத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். வாடகைதாரரின் உரிமை உரிமையாளரின் வீட்டைத் தொடாது என்று அரசு எழுத்தில் உறுதி தரட்டும். இழக்கும் வாடகைக்கும் ஈடு பேசட்டும்.

இத்திட்டத்தில் அதானி குழுமத்தோடு 20 விழுக்காட்டுப் பங்குடன் அமர்ந்திருக்கும் மாநில அரசு, வெறும் பார்வையாளர் அல்ல. பள்ளிச் சான்று, ரேஷன் அட்டை, தடுப்பூசி அட்டை, அக்கம்பக்கத்தார் சாட்சி ஆகியவற்றைக் கணக்கெடுப்பில் ஏற்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கொடுத்து, மேல்முறையீட்டுக்கு வழிவிட வேண்டும். அந்த மேல்முறையீடு முடியும்வரை எந்த மாடி ஏணியும் இறக்கப்படக் கூடாது.