ஊலன்ஹவுட்டின் கார்

உலகின் விலை உயர்ந்த கார்கள் என்று இந்த வாரம் ஒரு பத்திரிகை இணைப்பில் வந்த பட்டியலைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. முதலிடத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே. 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்திலேயே ஏலம் போன கார். 13.5 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய். விலையைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைச் செய்தவரின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய ஆதங்கம் தெரியும். வீணைகளைப் பற்றி எழுதியபோதும், பழைய கேமராக்களைப் பற்றி எழுதியபோதும் இதையேதான் சொன்னேன்: வாங்கியவர் பெயர் நிலைக்கிறது, செய்தவர் பெயர் உதிர்ந்துபோகிறது. இந்தக் காரின் விஷயத்தில் அது இரட்டை அநியாயம். ஏனென்றால் செய்தவர் பெயராலேயே வழங்கும் கார் இது. ஊலன்ஹவுட் கூபே என்றுதான் அதைச் சொல்வார்கள்.

ருடால்ஃப் ஊலன்ஹவுட் 1906-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஜெர்மானியர், அம்மா ஆங்கிலேயர். 1931-இல் டைம்லர் பென்ஸில் பொறியாளராகச் சேர்ந்தார். 1936-இல் அந்நிறுவனத்தின் பந்தயக் கார்கள் தோல்விமேல் தோல்வி கண்டன. காரில் கோளாறு இருப்பது ஓட்டுநர்களுக்குத் தெரிந்தது. எங்கே என்று பிட்டுவைக்கத் தெரியவில்லை. பொறியாளர்களோ அந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லை. முப்பது வயது ஊலன்ஹவுட்டிடம் பொறுப்பு வந்து சேர்ந்தது. நூர்பர்க்ரிங் தடத்துக்குக் காரைக் கொண்டுபோய்த் தாமே ஓட்டினார்.

சுற்றுச் சுற்றாக ஓட்டியபோது விஷயம் பிடிபட்டது. ஸ்பிரிங்குகள் விறைப்பாக இருந்தன; அடிச்சட்டம் வலுவில்லாமல் இருந்தது. மேடுபள்ளத்தில் ஸ்பிரிங் செய்யவேண்டிய வேலையைச் சட்டம் வளைந்து வளைந்து செய்துகொண்டிருந்தது. சக்கரம் எப்படித் தரையைப் பற்றும்? சட்டத்தை உறுதியாக்கி, ஸ்பிரிங்குகளை இளக்கினார். 1937-இல் டபிள்யூ 125 அப்படித்தான் பிறந்தது. அதை ஓட்டி ருடால்ஃப் கராச்சியோலா அந்த ஆண்டின் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். பிறர் வாயால் கேட்டுப் புரியாததை உடம்பால் தெரிந்துகொண்ட இந்தப் பொறியாளரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இனி கூபே. 1955 மே மாதம், கூரையில்லாத 300 எஸ்.எல்.ஆரில் ஸ்டிர்லிங் மாஸ் இத்தாலியின் மில்லே மிக்லியா பந்தயத்தை வென்றார். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் சாலையை அவர் கடந்தது 10 மணி 7 நிமிடம் 48 விநாடிகளில். மெக்சிகோவின் நெடுஞ்சாலைப் பந்தயத்துக்காக அதே காருக்குக் கூரை போட்டு, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் வைத்து இரண்டு கூபேக்கள் செய்தார் ஊலன்ஹவுட். ஜூன் மாதம் லெ மான்ஸில் இன்னொரு 300 எஸ்.எல்.ஆர். பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 80-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெக்சிகோ பந்தயம் ரத்தானது. ஆண்டு முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டே விலகியது.

ஒரு பந்தயத்திலும் ஓடாத அந்தக் கூபேக்களில் ஒன்றை ஊலன்ஹவுட் அலுவலகக் காராக வைத்துக்கொண்டார். மணிக்கு 290 கிலோமீட்டர் வரை போகக்கூடிய கார்! இரைச்சல் தாங்காமல் பெரிய சைலன்சர் ஒன்றைப் பக்கவாட்டில் மாட்டினார்கள். மியூனிக்கிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓட்டிவந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. இத்தனை கார்களை உருவாக்கியவர் சொந்தமாக ஒரு கார்கூட வைத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள் அவரைப் பற்றி எழுதியவர்கள்.

ஏலம் போன கூபே 2022 வரை நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. இப்போது தனியார் ஒருவரிடம் இருக்கிறது; இன்னொரு கூபே அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. சிறப்பு நிகழ்ச்சிகளில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வாங்கியவர் சம்மதித்திருக்கிறார். நல்லது, ஆனால் போதாது. அதை ஓட்டவும் வேண்டும். ஏலப் பணத்தில், சுற்றுச்சூழல் படிக்கும் இளைஞர்களுக்கு உதவித்தொகை தர நிதியம் அமைத்திருக்கிறது மெர்சிடிஸ். அதை மனமார வரவேற்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக, 1936-இல் ஒரு பொறியாளர் நூர்பர்க்ரிங்கில் என்ன செய்தார் என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.