கஷ்டப் பிரதேசப் பாடசாலையுஞ் சித்திரக் கலையும்

கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே பழைய மாணவர்கள் மனமுவந்து அளிக்கும் பொருள் பெரும்பாலுங் கட்டடமாகவும் விளையாட்டு மைதானமாகவும் புலமைப்பரிசில் நிதியாகவும் உருப்பெறுகின்றது. அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் இம்மலரைப் புரட்டும் அன்பர்களிடம் யாங் கேட்க விழைவது பிறிதொன்று. நம் கல்லூரி மதிலுக்கு அப்பால், பேருந்து நாளுக்கு இருமுறை மாத்திரஞ் சென்று மீளும் ஊர்களிலே, ‘கஷ்டப் பிரதேசம்’ என்றும் ‘அதிகஷ்டப் பிரதேசம்’ என்றும் அரசினரேட்டிற் குறிக்கப்பெற்ற பாடசாலைகள் பல உள. அங்குக் கற்கும் பிள்ளைகள் வாரந்தோறுந் தங் கையாற் சித்திரந் தீட்டவும் மண்ணிற் பாவை வனையவும் வழி செய்தல் வேண்டும் என்பதே எங் கருத்து.

“சோற்றுக்கே வழியில்லாத பிள்ளைக்குச் சித்திரம் ஒரு கேடா?” என்று அதிபர் ஒருவரே எம்மை வினவியதுண்டு. அவரை யாங் குறைகூறோம். நான்கு வகுப்புக்களுக்கு ஓராசிரியரை வைத்துக்கொண்டு பள்ளி நடத்துபவர் அவர். உணவே முதற்கண் வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால், உண்ட பின்னும் அப்பிள்ளை பிற்பகல் ஒன்றரை மணிவரை பள்ளியிலிருக்கின்றான். அந்நேரத்தில் அவன் என் செய்கின்றான் என்பதன்றோ வினா?

ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றுள் ஒன்றனைப் பிள்ளை பயிலுதல் வேண்டும் என்பது விதி. ஏட்டளவில் யாதுங் குறைவில்லை. சிறு பாடசாலையிலோ சித்திர ஆசிரியர் இடம் ஆண்டுக்கணக்கில் வெறிதே கிடக்கும். அப்பாடவேளையைக் கணிதமோ விஞ்ஞானமோ விழுங்கும். ஐந்தாந் தரத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசிற் பரீட்சை முடியுமட்டும் வர்ணப் பெட்டியே பகை. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணத்திற் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. எழுதுங் கொப்பிக்கே அலமந்த பெற்றோர் சித்திரக் கொப்பியை எங்ஙனம் நினைப்பர்?

யாம் சித்திர ஆசிரியரல்லோம், தமிழ் கற்பிப்பவர். ஆதலின் எந் துறையிற் கண்ட ஒன்றனையே இங்குச் சான்றாகக் கூறுவாம். வன்னிப் பகுதிப் பள்ளியொன்றில் ஏழாந் தரத்தாருக்கு ‘எங்கள் ஊர்க் குளம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். முப்பது கொப்பிகளிலும் ஒரே கட்டுரை! குளம் நீர் நிறைந்தது, மக்கள் நீராடுவர், பறவைகள் வரும், குளத்தை நாம் பாதுகாத்தல் வேண்டும். வழிகாட்டி நூலின் வாசகமே அது. மறுவாரம் பழைய நாட்காட்டித் தாள்களையுங் கரித்துண்டுகளையுங் கொடுத்து, எழுதுமுன் குளத்தை வரைமின் என்றோம். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் இடர்ப்படும் மாணவனொருவன், மாரியில் வான் பாயும் இடத்தை வரைந்தான். துள்ளும் மீனும், கரப்புடன் முழங்காலளவு நீரில் நிற்குந் தந்தையும், துருசின்மேற் குந்தியிருக்குந் தானும் அதிலிருந்தனர். இஃதென்ன என்று கேட்டோம். அதுகாறும் வகுப்பில் வாய்திறவாதவன் கால்மணி நேரம் பேசினான். பின்னர் எழுதவுஞ் செய்தான்: எட்டு வாக்கியங்கள், எழுத்துப்பிழை பதினொன்று. ஆயினும் வான், துருசு, கரப்பு என்னுஞ் சொற்கள் அவற்றிலே இருந்தன. அச்சொற்களை எந்த வழிகாட்டி நூலும் அவனுக்குக் கொடுத்ததில்லை.

சித்திரம் பயின்றாற் புள்ளி கூடும் என்று யாங் கூறவரவில்லை. அங்ஙனங் கூறி விலைப்படுத்துவது கலைக்கும் இழுக்கு. கூடாவிடின் அடுத்த ஆண்டே அதனை நிறுத்திவிடுவர். எமக்குத் தோன்றுவது இதுவே: ஏனைய பாடங்களிலெல்லாம் சரியான விடை முன்னரே ஆசிரியர் கையிலிருக்கின்றது. சித்திரத்தில் மாத்திரம் அது பிள்ளையிடம் இருக்கின்றது. ஆசிரியர் கேட்டறிதல் வேண்டும். ஆண்டுதோறுங் கடைசி வாங்கிலிருந்து சிவப்பு மையையே கண்டு வளர்ந்தவனுக்கு இவ்வொரு பாடவேளை எத்துணைப் பெரிது!

அஃது இங்ஙனமாக, நம் பள்ளிகளிற் சித்திரம் என்று நடைபெறுவது யாது? இரு மலை, இடையில் உதயசூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை. ஆசிரியர் கரும்பலகையில் வரைய, வகுப்பு முழுவதும் அதனைப் பார்த்து வரையும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை ஏது, ஆறு ஏது என்று ஒருவருங் கேட்பதில்லை! வியன்னா நகரிலே பிரான்ஸ் சிசெக் என்பார் 1897 இற் சிறுவர்களைத் தம் மனம்போல் வரையவிட்டு வகுப்புத் தொடங்கினார். நாமோ இன்னும் அம்மலைகளுக்கிடையே நிற்கின்றோம்.

நம்மவரிடை இதற்கு மரபில்லை என்பதுமன்று. சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938 இல் யாழ்ப்பாணத்திலே வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார்கள். ஓவியர் அ. மாற்கு அவர்கள் ஆசிரியராயிருந்து இளையோர் பலரை ஓவியராக்கினார்கள். 1995 இடப்பெயர்விலே தம் படைப்புக்கள் பலவற்றை அவர்கள் இழக்க நேர்ந்தது. மட்டக்களப்பில் 1996 இற் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவிலே, போர் நடந்துகொண்டிருக்கையிலேயே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருங்கிருந்து களிமண்ணும் வர்ணமுங் கதையுமாகப் பொழுது போக்கினர். செல்வமும் அமைதியும் வந்த பின்னரே கலை என்று அங்கு எவருங் காத்திருந்திலர்.

பொருளும் மிகுதியாக வேண்டுவதில்லை. அடுப்புக்கரி கருமைக்கு, மஞ்சளுடன் சுண்ணாம்பு சேரின் செம்மை, செம்மண் முற்றத்திலே கிடக்கின்றது. நுனி நசுக்கிய ஆலம்விழுது நல்ல தூரிகை. பனையோலைக்கும் குளக்களிமண்ணுக்கும் விலையில்லை. இவ்வாறு கூறினமையாற் பணமே வேண்டாம் என்று எவருங் கைகழுவிவிடற்க. கடதாசி வாங்கத்தான் வேண்டும். வாரத்தில் ஒருநாள் அவ்வூர்க்குச் செல்லுஞ் சித்திர ஆசிரியருக்குப் பயணச் செலவுங் கொடுக்கத்தான் வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்தார் இவ்வாண்டு ஒரே ஒரு பாடசாலையை ஏற்று, மூன்று தவணைக்கு இவ்விரண்டனையுங் கொடுப்பாராயின் அமையும். போட்டியுங் கேடயமும் வேண்டா. போட்டியென்றாற் தாய்தந்தையரே வரைந்தனுப்புவர் என்பது நாமறிந்ததே. வரைந்த படங்கள் ஒரு தவணை வகுப்புச் சுவரிலிருந்து, பின்னர்ப் பிள்ளைகளின் வீடு செல்லட்டும். பெயரை மட்டும் அவரவரே எழுதுதல் வேண்டும். அதனைத் திருத்திக் கொடுக்குந் தொழில் எம்மைப் போன்ற தமிழாசிரியரது.